ஒரு விரல் இடைவெளி

வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து திரும்பியபோது காலை மணி ஒன்பதரை. பையில் ஒரு கை ட்ரில் இருந்தது. பல்சக்கரம் இறுகி, கைப்பிடி மரம் பிளந்திருந்தாலும் உடம்பு முழுசு. தொண்ணூறடி ரோட்டிலிருந்து எங்கள் சந்துக்குள் திரும்பும்போதே அதை எப்படிப் பிரிப்பது என்று வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். முதலில் மண்ணெண்ணெய், மறுநாள் கம்பி பிரஷ், பிறகு துரு கழல வெல்லத் தண்ணீரில் பத்து நாள். பட்டறைக்குள் காலை வைத்ததும் வரிசை கலைந்துவிட்டது. சுவர்கள் காலியாக இருந்தன.

நானூற்றுப் பன்னிரண்டு சாமான்கள். இழைப்புளி, உளி, கை ரம்பம், தோலில் துளை போடும் குறடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி, ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய ஓர் அட்டை. எங்கே கிடைத்தது, என்ன பழுது, என்ன செய்தேன், எந்தத் தேதியில் முடிந்தது என்று அட்டையில் எழுதியிருப்பேன். இப்போது வாய் கட்டிய ஏழு சாக்கு மூட்டைகள் மூலையில் நின்றன. தரை கழுவியிருந்தது. என் மனைவி நஸீரா முகத்தைத் துடைத்தபடி மேலே எங்கள் அறைக்குப் போகும் இரும்பு ஏணியில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தச் சந்த இடிச்சுப் புதுசாக் கட்டுறதுக்கு இன்னைக்கு சர்வேக்காரங்க வாராங்களாம். பக்கத்து வீட்டு சஃப்ரீன் சொன்னா. வாரவங்க கண்ணுல துருவும் ஆணியுமா பட்டா என்ன நினைப்பாங்க? தரையப் பாத்தியளா, எப்பிடி மின்னுதுன்னு."

விருந்தாளி வந்தால் புழங்கும் சாமானையெல்லாம் ஒளித்துவைப்பது எங்கள் வீடுகளின் மரியாதை. அவளை என்ன சொல்ல? சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் மட்டும் அதன் இடத்தில் இருந்தது. அதை மேஜையோடு சேர்த்து போல்ட் போட்டிருந்ததால் அவளால் அசைக்க முடியவில்லை. மூடிப்போன ஒரு மில்லின் பட்டறையிலிருந்து வந்தது. அதன் திருகு அசைய எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது. வேலை முடிந்ததும் அதன் தாடைகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு, கைப்பிடியை நேராகத் தொங்கவிடுவேன். இறுக்கி மூடிவைத்தால் ஒரே மழைக்காலத்தில் இரண்டு தாடையும் துருவில் ஒட்டிக்கொள்ளும். இருபத்திரண்டு வருடத்தில் நஸீரா அந்தக் கைப்பிடியைத் தொட்டதில்லை.

பதினொரு மணிக்கு வந்த சர்வேப் பெண்ணின் பெயர் ஹரிதா. செம்பூர்க்காரி. கையில் டேப்லெட், தோளில் பை. எங்கள் சந்தில் அன்று அவளுக்கு பத்தாவது கதவாம்.

"அங்கிள், இது பங்கார் கோடவுன்தானே?"

"பங்கார் இல்லம்மா, காயலான் கடை இல்ல. பட்டறை. பழைய கைச்சாமான சரிபண்ணி, வேல செய்யிறவங்களுக்குக் குடுக்கேன்."

"மூட்டை மூட்டையா இருக்கே."

ஒரு சாக்கை அவிழ்த்துக் காட்டினேன். எனக்கே அது பழைய இரும்பாகத்தான் தெரிந்தது. சாக்கில் போட்டுக் கட்டினால் எதுவும் பங்கார்தான், என்னையும் சேர்த்து. அட்டையை எடுத்து நீட்டினேன்.

"தமிழ் படிக்க வராது அங்கிள். பேசுவேன், அவ்வளவுதான்."

அவள் கெட்ட பெண் இல்லை. பொறுமையாக விளக்கினாள். கார்கானா, அதாவது பட்டறை, என்று பதிவானால் புதுக் கட்டடத்தில் தொழில் செய்ய இடம் உண்டு. பழைய இரும்பு கோடவுன் என்றால் கிடையாது; அவள் பதிந்திருந்தது அப்படித்தான். மேலே உள்ள அறை நஸீரா பேரில் இருப்பதால் அதற்கு வீடு தனியாகக் கிடைக்கும். ஆனால் இரண்டுக்கும் ஒரே தாள், ஒரே கையெழுத்து. "நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வர்றேன். யாராவது ஒருத்தர் சைன் பண்ணணும். சைன் இல்லன்னா ரூமும் ஹோல்ட்ல போயிடும்."

அன்று பகல் முழுக்க சாமான்களைத் திரும்ப மாட்டினோம். நஸீரா சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கொடுத்தாள். "'சுனாபட்டியில் கிடைத்தது. கைப்பிடி இல்லை. வேம்பில் செய்து போட்டது. மார்ச் ஒன்பது.' நிக்காஹ் ஆன நாள்லருந்து எனக்கு ஒரு கடுதாசி எழுதியிருக்கியளா? இந்த உளிக்கு எழுதியிருக்கிய."

"நீ பக்கத்துலயே இருக்கியே."

"உளி மட்டும் தூரமா பாண்டுப்லயா இருக்கு?" சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "கையெழுத்தப் போட்டுருங்க. ரூமு போச்சுன்னா எங்க போவ? பொறவு மனு எழுதலாம். அதான் உங்களுக்கு நல்லா வருமே."

"பங்கார்னு நானே ஒப்புக்கிட்ட பொறவு, என் மனுவ எவன் படிப்பான்?"

அவள் அடுத்த அட்டையைச் சத்தமில்லாமல் படித்தாள்.

மறுநாள் ஹரிதா வந்தபோது, தன் இழைப்புளியை வாங்கிப்போக ஆசாரி செல்லப்பாண்டி வந்திருந்தார். அதன் இரும்பைத் தீட்டி, அடிப்பக்கம் மட்டம் பார்த்து வைத்திருந்தேன். அவள் கண்முன்னே ஒரு தேக்குப் பலகையை வைஸில் பிடித்துக் கொடுத்தேன். செல்லப்பாண்டி ஒரே தள்ளு தள்ளினார். வெங்காயத் தோல் மாதிரி ஒரு சுருள், பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுபடாமல் வந்தது. ஹரிதா அதைக் கையில் ஏந்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். தானாகவே போனை எடுத்து அவளுடைய மேலதிகாரியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"மோட்டார் ஹை க்யா?"

"நஹீ சார். சப் ஹாத் ஸே..."

"மோட்டார் நஹீ தோ கார்கானா நஹீ. பங்கார் டால் தோ."

எல்லாம் கைவேலை என்று அவள் முடிக்குமுன், மோட்டார் இல்லாவிட்டால் கார்கானா இல்லை, பங்கார் என்று போடு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். "அப்ப கையால இழைச்ச கட்டில்ல படுத்தவன்லாம் தரையிலயா தூங்குனான்?" என்றார் செல்லப்பாண்டி, போனைப் பார்த்தே.

ஹரிதா தாளையும் பேனாவையும் நீட்டினாள். "நான் என்ன அங்கிள் பண்ண? ப்ளீஸ்."

செல்லப்பாண்டி பலகையை உருவிக்கொண்டதும், நான் பழக்கப்படி ஒரு விரல் இடைவெளி வைத்துக் கைப்பிடியைத் தொங்கவிட்டேன். தாளை வாங்கி மூன்று முறை படித்தேன். மூன்றாவது தடவையும் அதே சொல்தான் இருந்தது.

"போட மாட்டேம்மா."

நஸீரா ஏணியிலிருந்து இறங்கிவந்து தாளை என் கையிலிருந்து வாங்கினாள். அறை அவள் பேரில். அவள் கையெழுத்தும் செல்லும். ஹரிதா பேனாவை அவள் பக்கம் திருப்பினாள். நான் கை ட்ரிலைத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் எழுதுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வேறொரு சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். நன்றாக எண்ணெய் விட்ட திருகு சுற்றும் சத்தம்.

வைஸின் தாடைகளுக்கு நடுவில் தாள் இருந்தது. நஸீரா இரண்டு கையாலும் கைப்பிடியைச் சுற்றினாள். இறுகிய பிறகும் உடம்புப் பாரத்தைக் கொடுத்து இன்னும் கால் சுற்று.

"பங்கார்னாருல்லா உங்க ஆபீஸர் சாப்? அந்தப் பங்கார்தான் புடிச்சிருக்கு. வந்து எடுத்துக்கிடச் சொல்லு."

ஹரிதா தாளின் ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்தாள். வரவில்லை. பிறகு டேப்லெட்டை உயர்த்தி, தாளும் வைஸும் பின்னால் சுவரும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனாள். மரச்சுருள் அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. தாடைகள் இறுக மூடியிருந்தன. கைப்பிடி குறுக்காக நின்றது. நான் அதைத் தொடவில்லை.