கண்ணாடிச் சட்டிக்குள் வெயில்

மருமகன் சந்தோஷ்குமார் திருச்சியிலிருந்து அந்தப் பெட்டியைப் பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து இறக்கியபோது, அது அடுப்பு என்று அழகம்மாள் நம்பவில்லை. நம்பும்படியாகவா இருந்தது? வட்டமாய் ஒரு கண்ணாடிச் சட்டி. அதன் தலையில் கனத்த மூடி. மூடியில் ஒரு கைப்பிடி, திருகுவதற்கு இரண்டு குமிழ். விறகு வைக்க வாயும் இல்லை, கேஸுக்குக் குழாயும் இல்லை.

"நெருப்பு எங்கிட்டுங்க மாப்ள இருக்கு?"

"மூடிக்குள்ள இருக்கு அத்தை. ஹாலஜன் பல்பு. மேல இருந்து சூடு எறங்கும், உள்ள ஒரு ஃபேன் சுத்தும். அதுலயே வெந்துரும்."

மேலே நெருப்பு, கீழே சோறாம்! அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சமைத்த பொம்பளை இந்த உலகத்தில் உண்டா? மாப்பிள்ளையிடம் அதைச் சொல்ல முடியுமா என்ன, "நல்லாருக்குங்க" என்று சொல்லிவைத்தாள்.

அடுப்பு வந்ததற்கான காரணம் உள்ளே பாயில் சுருண்டு கிடந்தது. தேவிப்ரியா, அழகம்மாளின் ஒரே மகள், மூன்றாம் மாசம். மசக்கை யாருக்குத்தான் இல்லை? ஆனால் இது மசக்கையா, சித்திரவதையா? தாளித்தால் குமட்டல், சோறு கொதித்தால் குமட்டல், கேஸைப் பற்றவைத்தாலே கொல்லைக்கு ஓட்டம். இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றியாயிற்று. "வாய் வழியா ஏதாவது எறங்கணும்மா. இப்படியே போனா தாய்க்கும் ஆகாது, புள்ளைக்கும் ஆகாது" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

தேவிப்ரியா ஒன்றே ஒன்று கேட்டாள். திருச்சியில் அவர்கள் குடியிருந்த மாடிக்குக் கீழே ஒரு பேக்கரி. அங்கே பன் வேகிற வாசனை மேலே வரும். "அந்த மாதிரி, அடுப்புலேருந்து எடுத்த கையோட ஒரு பன்னு கெடைச்சா தின்னுருவேன்மா." கடையில் வாங்கிவந்த பன்னை டால்டா நாறுகிறது என்று தள்ளிவிட்டாள். திருச்சிக்கே கூட்டிப்போகலாமென்றால், நாலு எட்டு வைத்தாலே தலை சுற்றுகிற பிள்ளையைப் பேருந்தில் எப்படி ஏற்றுவது? அதனால்தான் மருமகன் அடுப்பையே தூக்கிவந்து இறக்கிவிட்டு, லீவு கிடைக்காமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்.

அழகம்மாள் செய்த முதல் காரியம், புதுச் சாமான் என்று மூடியின் அடிக்கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்தது. பல்பு எரிந்ததும் பொட்டு கருகி வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். மகள் கொல்லைக்கு ஓடினாள். இரண்டாவது காரியம், வெந்ததா வெந்ததா என்று மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. கைப்பிடியை மடக்கி அழுத்தினால்தான் அது எரியும், தூக்கினால் அணைந்துபோகும். இட்லிச் சட்டியைத் திறந்து பார்த்தே பழகிய கை சும்மா இருக்குமா? அரைப்பொழுது முழுக்க அணைத்து அணைத்து எரித்தாள். மூன்றாவதாக ஒரு அப்பளத்தை உள்ளே போட்டாள். ஃபேன் காற்றில் அது எழும்பிக் கிறுகிறுவென்று சுற்றிப் போய் பல்புக்கடியில் ஒட்டிக்கொண்டது. பாயில் கிடந்த தேவிப்ரியா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். மகள் சிரித்து எத்தனை நாளாயிற்று! அதற்காகவே இன்னொரு அப்பளத்தையும் பறக்கவிட்டாள் அழகம்மாள்.

நான்காவதாக வைத்தது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அன்றைக்குத்தான் அவள் அந்தச் சட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், எழுந்திருக்கவே இல்லை. பாவாடை கட்டிய நாளிலிருந்து அடுப்பில் வெந்தவள் அவள். புகையைப் பார்த்திருக்கிறாள், கொதியைப் பார்த்திருக்கிறாள், தீய்ந்ததைப் பார்த்திருக்கிறாள். ஆனால் ஒரு பண்டம் வேகிறதை அவள் பார்த்ததே இல்லை. எல்லாமே மூடிக்குள்ளும் புகைக்குள்ளும் நடந்துவந்த விஷயம். இங்கேயோ, வெயிலைப் பிடித்துச் சட்டிக்குள் அடைத்தமாதிரி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் கிழங்கின் தோல் மெதுவாகச் சுருங்கியது, ஒரு இடத்தில் வெடித்தது, வெடிப்பில் பாகு கசிந்து முத்து முத்தாய்ப் பொங்கியது. அடேயப்பா, இத்தனையுமா நடக்கும் உள்ளே? கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஏனென்று தெரியாமல் கண் கலங்கியது.

அடுத்து பன். கந்தர்வக்கோட்டையில் ஈஸ்ட் வாங்கிவந்தாள். மைதாவில் பாலும் சீனியும் ஈஸ்டும் போட்டுப் பிசைந்து ஈரத்துணி மூடி வைத்தாள். துணியை எடுத்துப் பார்த்தால் மாவு இரண்டு மடங்காய் உப்பிக்கொண்டு நிற்கிறது! இட்லி மாவு பொங்காததா என்று கேட்பீர்கள். இட்லி மாவு பொங்கினால் வழியும். இது விரலால் அமுக்கினால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி எழும்பியது.

அன்று இரவே சுட்டாள். பன் அருமையாக வந்தது. ஆனால் தேவிப்ரியாவுக்கு இரவில்தான் குமட்டல் அதிகம். தலையைத் தூக்க முடியவில்லை. காலையில் ஆறிப்போன பன்னை முகர்ந்து பார்த்துவிட்டு, "சூடா இருந்தாத்தாம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலை வெயில் ஏறி உச்சிக்கு வருமுன் கொஞ்ச நேரம் மட்டும் அவள் வயிறு சும்மா இருக்கும். அந்த நேரத்துக்குச் சூடாகக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதானே?

அந்த நேரத்துக்குச் சுட்டாள். பன் வேகவில்லை. மேலே வெளுத்து, உள்ளே களியாய்ப் பிசுபிசுத்தது. மறுநாளும் அதே கதை. சட்டியில் வெயில் இல்லை. எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி பல்பு செக்கச் செவேலென்று முனகியது. அடுப்பு கெட்டுவிட்டது என்று மனம் ஒடிந்து உட்கார்ந்திருந்தபோது சட்டென்று வெளிச்சம் ஒரு படி ஏறியது. அதே நேரம் பக்கத்துக் கொல்லையில் 'கும்' என்று ஓடிக்கொண்டிருந்த போர் மோட்டார் நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் 'கும்' என்று மறுபடி கிளம்பியது, வெளிச்சமும் செத்தது. ஓகோ, சங்கதி இதுவா! பம்புசெட்டுக்கென்று விடுகிற த்ரீ பேஸ் கரண்டு வருகிற நேரத்தில் மோட்டார் ஓடினால், மிச்சம் மீதிக் கரண்டுதான் வீட்டுக்கு வருகிறது.

ஆனால் அந்த மோட்டார் யாருடையது? செல்லமுத்துவுடையது. அழகம்மாளின் இறந்துபோன புருசனுக்குக் கூடப்பிறந்த தம்பி. அண்ணன் போன மறுவருசம் இரண்டு கொல்லைக்கும் நடுவில் இருந்த வரப்பில் தகராறு. வரப்பை நகர்த்தினான் என்றாள் இவள், இல்லை என்றான் அவன். அதோடு பேச்சு அறுந்தது. தேவியின் கல்யாணத்துக்கு வந்தவன் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போனான். அன்றிலிருந்து அழகம்மாள் அந்த வரப்பை மிதித்ததில்லை. ரோட்டைச் சுற்றித்தான் போவாள்.

அவனிடம் போய் நிற்பதா? இரவெல்லாம் புரண்டாள். விடிந்ததும் தேவிப்ரியா குடித்த தண்ணீரையும் வாந்தியெடுத்தாள். வீம்பாவது வெங்காயமாவது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள் அழகம்மாள்.

வரப்புக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, முகம் பார்க்காமல் சொன்னாள்:

"தேவிக்கு வயித்துல பச்சத்தண்ணி நிக்கல. சூடா ஒரு பன்னு கேக்குது. கரண்டு அடுப்புல வச்சா, மோட்டாரு ஓடுறப்ப வேக மாட்டேங்குது. நாளைக்கு உச்சிக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நிப்பாட்டுனா போதும்."

வாய்க்காலை வெட்டிக்கொண்டிருந்த செல்லமுத்து மண்வெட்டியை நிறுத்தவில்லை. "கடல பூ எடுத்து நிக்குது மதினி. த்ரீ பேஸ் வர்றதே கொஞ்ச நேரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வெட்டைப் போட்டான்.

அழகம்மாளின் எண்சாண் உடம்பும் ஒரு சாணாய்க் குறுகியது. புள்ளத்தாச்சி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று ஊரே சொல்லும்; அந்த மனுசனுக்கு மட்டும் தெரியாதா? அழுகையும் ஆத்திரமுமாக வீடு திரும்பினாள்.

மறுநாள் வெயில் ஏறியது. மோட்டார் வழக்கம்போலக் 'கும்' என்று ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் பெற்ற மனசு கேட்கிறதா? மாவை உருட்டி, மேலே இரண்டிரண்டு முந்திரிப்பருப்பைப் பதித்து, தட்டைச் சட்டிக்குள் இறக்கிக் கைப்பிடியை அழுத்தினாள். பல்பு செத்துச் செத்து முனகியது. தேவிப்ரியா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கும் வேகாதாம்மா?"

"பேசாம இரு ஆத்தா." அழகம்மாள் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்போது மோட்டார் நின்றது.

சட்டிக்குள் சிவப்பு மஞ்சளாயிற்று. அழகம்மாள் மூச்சுவிடவில்லை, இதோ கிளம்பிவிடும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கிளம்பவில்லை. மாறாக, வெளிச்சம் இன்னும் ஒரு படி ஏறியது. தெற்கே பிச்சையின் கொல்லைப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சலும் இல்லை. இன்னும் ஒரு படி. குளத்தடியில் இன்னாசியின் மோட்டாரும் அடங்கிப்போயிருந்தது. என்ன நடக்கிறது? ஃபேன் வேகம் பிடித்துப் பாடியது. சுவரில் தாயும் மகளும் நிழலாய் எழுந்தார்கள். சட்டிக்குள் முழு வெயில் அடித்தது. அத்தனை மோட்டாரும் அடங்கிய ஊரில் கௌதாரி கத்துவது கேட்டது.

பன்கள் எழும்பின. ஒன்றையொன்று தோளால் இடித்துக்கொண்டு, பளபளவென்று, வெள்ளை பொன்னாகி, பொன் செம்பாகி. அழகம்மாள் தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாசனை வந்தது. தேவிப்ரியா கண்ணை மூடி அதை இழுத்தாள். கொல்லைக்கு ஓடவில்லை.

ஊதி ஊதி ஒரு பன்னைத் தின்றாள். இருவரும் காத்திருந்தார்கள். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னொன்னு தாம்மா."

அழகம்மாளுக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. சூடான பன் ஒன்றை வாழையிலையில் சுருட்டி எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தாள். ரோட்டைச் சுற்றவில்லை, நேரே வரப்பில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள்.

செல்லமுத்து மோட்டார் கொட்டகை வாசலில் வெயிலில் குத்தவைத்திருந்தான். பக்கத்தில் அவன் டிவிஎஸ் வண்டி. மடியில் விரித்த துண்டு நிறைய, கோழிமுட்டைபோல வெள்ளை வெள்ளையாகப் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள்.

"எல்லா மோட்டாருக்கும் ஆட்டோ சுச்சு. நம்ப முடியாது, தானாக் கெளம்பிரும்" என்றான் தரையைப் பார்த்தபடி. "என் மோட்டாரு ஒன்ன நிப்பாட்டுனாப் பத்தாது மதினி. அதான் ஒவ்வொரு கொட்டகையாப் போயி எல்லாருதையும் புடுங்கிட்டு வந்துட்டேன். தேவிக்குன்னு சொன்னேன், ஒருத்தனும் மறுக்கல." அப்புறம்தான் தலையைத் தூக்கினான். "புள்ள தின்னுச்சா?"

"தின்னுச்சு." அழகம்மாள் இலையை அவன் கையில் வைத்தாள்.

அவன் பன்னைப் பிட்டு வாயில் போட்டான். மெதுவாக மென்றான். காலடியில் கடலைக்கொல்லை பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் கிடந்தது. துண்டை மூட்டையாய் முடிந்துகொண்டு, கட்டைகளைத் திருப்பி மாட்ட வண்டியில் ஏறியவன், திரும்பிப் பார்த்துக் கேட்டான்:

"நாளைக்கும் இதே நேரந்தானே மதினி?"