மாப்பிள்ளைக்கு எந்த ஊர்?

உரும்பிராயில் ஞானரட்ணம் விசாரித்துச் சொல்லாமல் எங்கள் தேவாலயச் சபையில் ஒரு கலியாணமும் ஒப்பேறியதில்லை. மாப்பிள்ளை கரவெட்டி என்றால் பஸ் ஏறிக் கரவெட்டிக்குப் போவார். அங்கே சலூனில் முடி வெட்டுவித்து, தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்து, கதையோடு கதையாக மாப்பிள்ளையின் பூட்டன் வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். வந்த காரியம் அந்த ஊரில் ஒரு குருவிக்கும் தெரியாது. அப்படிப்பட்ட மனிசன் சொந்த மகளின் கலியாணத்தில் மாட்டுப்பட்டு முழித்த கூத்தை என்னவென்று சொல்வது!

மகள் நிமலினி கனடாவில் மொங்ரன் நகரத்து ஆஸ்பத்திரியில் தாதி. ஒருநாள் போனில் சொன்னாள்: "அப்பா, நான் ரெமி எண்டு ஒருத்தரைக் கட்டப்போறன். இங்கத்தைப் பிரெஞ்சு ஆக்கள், அகாடியர் எண்டு சொல்லுறவை. ஆனா அம்மா ஓமெண்டாத்தான் கலியாணம். அம்மா மூஞ்சையைத் திருப்பிக்கொண்டிருக்க என்னாலை மோதிரம் மாத்தேலாது."

"றோமன் கத்தோலிக்கன் எண்டாலும் பரவாயில்லை, வெள்ளைக்காரன் எண்டாலும் பரவாயில்லை" என்றாள் தாய் வினிபிரட். "ஊர் தெரியாத ஒருத்தனுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கமாட்டன்."

ஊர் என்று வந்தால் அவளோடு கதைத்து வெல்ல ஏலாது. வினிபிரட் பலாலிக்காரி. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஒரேயொரு உடுப்புப் பையோடு ஓடிவந்தவள். அவளுடைய காணி இன்னும் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் இராணுவத்திடம் கிடக்கிறது. உரும்பிராயில் கலியாணம் கட்டி முப்பத்து மூன்று வருஷமாகியும், எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் நிரந்தர முகவரிக்கு நேரே 'பலாலி' என்றுதான் எழுதுவாள்.

"இஞ்சேரும், அங்கை தபால்காரனே போறேல்லையப்பா" என்று ஞானரட்ணம் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறார்.

"போகேக்கை கொண்டுபோய்க் குடுக்கட்டும்" என்பாள்.

சரி, விசாரித்துவிடுவோம் என்று ஞானரட்ணம் இறங்கினார். ரெமியின் ஆட்கள் இருப்பது மெம்ரம்கூக் என்ற சின்ன இடத்தில். மொன்றியலில் இருக்கும் தங்கச்சியின் மகன் செந்தூரனுக்குப் பிரெஞ்சு தண்ணிபட்ட பாடு. அவனைப் பிடித்தார். "நேரை கேக்கப்படாது, விளங்கிச்சோ? அங்கை இரும்புச் சாமான் கடை ஒண்டு இருக்கும். மண்வெட்டி இருக்கோ எண்டு தொடங்கி, மெல்லமாக் கதையை விடவேணும்."

செந்தூரனும் கடைக்குப் போன் எடுத்து மெல்லமாகத்தான் விட்டான். என்ன செய்ய, கடைக்காரர் ரெமியின் தாய்மாமன்! அரைமணித்தியாலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞானரட்ணத்துக்கு வெட்கத்தில் முகம் வைக்க இடமில்லை. முப்பது வருஷத்து மானம் ஒரு மண்வெட்டியோடு போயிற்றே!

ஆனால் நிமலினி சிரித்துக்கொண்டுதான் போன் எடுத்தாள். "ரெமிக்குச் சரியான சந்தோசம் அப்பா. 'உன்ரை அப்பா எங்கடை ஆள்தான்' எண்டுறார். இங்கையும் கலியாணம் எண்டா ஆற்றை மகன், ஆற்றை பேரன் எண்டுதான் முதல் கேள்வி. எல்லாத்தையும் அவரே எழுதி அனுப்பியிருக்கிறார், பாருங்கோ."

பார்த்தார். ரெமி, லூயியின் மகன். லூயி, ததேயின் மகன். இப்படியே ஒன்பது தலைமுறை ஏறி ஒலிவியே என்பவரில் போய் நின்றது. ஞானரட்ணத்துக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. அவருடைய சொந்தப் பரம்பரையே ஐந்தோடு நின்றுவிட்டதே! எல்லாவற்றையும் தடித்த மட்டைச் சீ.ஆர். கொப்பியில் அழகாகப் பிரதி பண்ணினார். ஒலிவியேயின் பேரப்பிள்ளைகள் தொடக்கம் எல்லோரும் மெம்ரம்கூக்கில் பிறந்தவர்கள்; செத்தவர்கள் மெம்ரம்கூக்கிலேயே அடக்கமானவர்கள். ஊருக்கு ஊருமாச்சு, இனி வினிபிரட் என்ன சொல்லப்போகிறாள் பார்ப்போம் என்று இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீடியோவில் எல்லோரும் இருந்தார்கள். ரெமி சிவந்த தாடியோடு கைகூப்பி வணக்கம் சொன்னான். வினிபிரட் சுற்றிவளைக்கவில்லை.

"உமக்கு எந்த ஊர்?"

நிமலினி மொழிபெயர்க்க முதலே அவனுக்கு விளங்கிவிட்டது. "கிராண்ட் பிரே" என்றான்.

"கொப்பியிலை அப்பிடி இல்லையே!" என்று ஞானரட்ணம் கத்திவிட்டார். பழக்கதோசம். கத்திய பிறகுதான், மகளின் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோம் என்று விளங்கியது.

"பாத்தீங்களோ, ஊரை மாத்திச் சொல்லுறார்" என்றாள் வினிபிரட்.

"அம்மா, பொறுங்கோ" என்றாள் நிமலினி. "ஒலிவியேயின்ரை ஊர் கிராண்ட் பிரே. ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தைஞ்சிலை இங்கிலீசுக்காரன்ரை ஆமி வந்து, ஆம்பிளையள் எல்லாரையும் சேர்ச்சுக்கு வரச்சொல்லிப் பூட்டி வைச்சது. பிறகு குடும்பம் குடும்பமாக் கப்பலிலை ஏத்தி, வீடுகளையும் கொளுத்திப்போட்டாங்கள். மாசச்சூசெற்ஸிலை கொண்டுபோய் இறக்கிவிட்ட ஆள், பதினொரு வருசத்தாலை பெண்சாதி பிள்ளையளோடை நடந்து திரும்பி வந்தவர். வந்தா, அவற்றை காணியிலை வேறை ஆரோ. அதுக்குப் பிறகுதான் மெம்ரம்கூக்."

வினிபிரட் முன்னுக்கு நகர்ந்து இருந்தாள். "இப்ப அந்தக் காணி?"

"இப்பவும் வேறை ஆக்கள்தான். ஒரு சாண் நிலம் இல்லை. வருசா வருசம் ஆவணியிலை ரெமியின்ரை ஆக்கள் போய்ப் பாத்திட்டு வருவினம்."

"இருநூற்று எழுபது வருசம். பிறகேன் இன்னும் அந்த ஊரைச் சொல்லுறார்?"

நிமலினி கேட்டாள். ரெமிக்குக் கேள்வியே விளங்காத மாதிரி இருந்தது. பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னான். நிமலினி மொழிபெயர்த்தாள். "'நாங்களா விட்டிட்டு வந்தனாங்கள்? எங்களைக் கலைச்சுத் துரத்தினவங்கள். பிறகு வேறை எந்த ஊரைச் சொல்லுறது?' எண்டு கேக்கிறார், அம்மா."

வினிபிரட்டுக்குக் கண் முட்டிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு எழும்பி, மேசையில் கிடந்த பேனையைக் கொண்டுவந்து புருசனின் கையில் வைத்தாள்.

"இஞ்சருங்கோ, கலியாணக் கார்ட்டை எழுதுங்கோ. கிராண்ட் பிரேயைப் பூர்வீகமாகக் கொண்ட லூயி தம்பதிகளின் செல்வப் புதல்வன்..."

நிமலினி அந்தப் பக்கத்தில் கத்திய கத்தலில் போன் அதிர்ந்தது. ரெமி என்னவென்று விளங்காமலே அவளைக் கட்டிப்பிடித்தான். ஞானரட்ணம் மாப்பிள்ளையின் பேரை எழுதி முடித்தார்.

"பொம்பிளைக்கு எந்த ஊர் போடுறது?" என்று கேட்டார். நிமலினி பிறந்ததும் வளர்ந்ததும் உரும்பிராய். பலாலியை அவள் கண்ணாலும் கண்டதில்லை.

"இதென்ன கேள்வி?" என்றாள் வினிபிரட்.

முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மறுகதை கதைக்காமல், 'பலாலி' என்று கொட்டை எழுத்தில் எழுதினார் ஞானரட்ணம்.