வெட்டு விழாத காசு

சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து, எங்கே நின்று பார்த்தாலும் சங்கிலியம்மாளின் முகம் வலது பக்கம் மட்டும்தான் தெரிந்தது. அந்த வாரம் ஓடைப்பட்டியில் பன்னீர் திராட்சை கிலோ எழுபதுக்குப் போனது.

முந்தின நாள் அவள் புருசன் ஒச்சாண்டி திராட்சைப் பந்தலுக்குக் கல்லுக்கால் நடக் குழி எடுத்தபோது, இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை ஒரு சட்டியை உடைத்தது. உள்ளே ஒன்பது காசு, அடுப்புக்கரி நிறத்தில். அலுத்து வந்தவன் அவற்றை அம்மிமேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டான். கருத்த பாத்திரத்தைக் கண்டால் சங்கிலியம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. விடிந்ததும் ஒரு காசை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். கறுப்பு போனது. கூடவே காசிலிருந்த ராசாவின் முகமும் வழித்துக்கொண்டு போனது. வெறும் வெள்ளித் தகட்டில் பிறகு வேறொரு முகம் மெல்ல எழும்பியது. அதன் மூக்கிலும் அவளுடையது மாதிரியே ஒற்றைக்கல் மூக்குத்தி இருந்தது.

தோட்டத்தில் பெண்கள் சிரித்தார்கள். "ஏண்டி, எங்களப் பாக்கப் பிடிக்கலையாக்கும்? மூஞ்சியத் திருப்பிக்கிட்டே நிக்கிற!" ஒச்சாண்டி அவளைச் சுற்றி வந்து பார்த்தான். இடது பக்கம் போனான், அங்கேயும் வலது கன்னம்தான். முதுகுப் பக்கம் போனான், அங்கேயும் அதேதான். சாயங்காலத்துக்குள் சிரிப்பு நின்று, ஒருத்தியும் அவள் கூட நிரை பிடித்து வேலை செய்ய வரவில்லை.

வியாழக்கிழமை கன்னம் சில்லிட்டது. வெள்ளிக்கிழமை வாய்க்கால் சேற்றில் நடந்தவள் திரும்பிப் பார்த்தால் ஒரு கால் தடம்கூட இல்லை. அன்றைக்கே இருவரும் ஒன்பது காசையும் முடிந்துகொண்டு பஸ் ஏறி உத்தமபாளையம் போனார்கள். அங்கே சம்சுதீன் ராவுத்தர் இருந்தார். ஏலக்காய் வியாபாரத்தை விட்டுவிட்டு முப்பது வருசமாக ரோமாபுரிக் காசு சேர்த்துப் படிக்கிறவர்.

"பழைய காச யாராச்சும் புளி போட்டு வெளக்குவாகளா ஆத்தா?" என்று முதலில் திட்டினார். பிறகு லென்ஸை வைத்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அதற்கப்புறம் திட்டவில்லை.

மற்ற எட்டுக் காசிலும் ராசாவின் கன்னத்தில் உளியால் வெட்டிய வடு இருந்தது. இந்தப் பக்கம் கிடைக்கிற ரோமாபுரிக் காசுகளில் இப்படி வெட்டு இருப்பது உண்டு. வெள்ளி நிசமா என்று சோதிக்க வெட்டினார்கள் என்பதே சம்சுதீன் முப்பது வருசமாகச் சொல்லிவந்த பதில். அவள் விளக்கிய ஒன்பதாவது காசில் மட்டும் வெட்டு இல்லை. வெட்டு விழாத காசு ஒன்றுக்காக அவர் பாதி ஆயுளை அலைந்து தீர்த்திருந்தார். அது இப்போது அவர் உள்ளங்கையில் இருந்தது.

"சோதிக்கிறதுக்கு இல்ல போலருக்கு," என்றார். "காசு ஆளப் பிடிச்சிரும்னு பயந்துதான் வெட்டிருக்காக."

"இப்ப இவளுக்கு என்னாகும் ராவுத்தரய்யா?"

சம்சுதீன் காசை அவன் பக்கம் நீட்டினார். "தலைதான் இருக்கு, பாரு. கழுத்துக்குக் கீழ காசுல ஒண்ணும் கிடையாது."

ஒச்சாண்டி மனைவியின் காலைப் பார்த்தான். சேலைக் கரைக்குக் கீழே தரை ஓடு மட்டும்தான் தெரிந்தது.

வெட்ட வேண்டும் என்பது மூவருக்கும் விளங்கிவிட்டது. காசில் இருப்பது இப்போது அவள் முகம். வெட்டு யார் கன்னத்தில் விழும், எவ்வளவு ஆழம் விழும் என்று சம்சுதீனின் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்துப் பட்டறையில் உளியும் சுத்தியலும் வாங்கி வந்தார்கள். கல்லுக்கால் கொத்திப் பழகிய ஒச்சாண்டி மூன்று தடவை ஓங்கினான். மூன்று தடவையும் கை இறங்கவில்லை.

"இங்கன குடு," என்றாள் சங்கிலியம்மாள். "பாறைய ஒடைக்கிற ஆளு, ஒரு பொட்டுக் காசுக்கு இந்த நடுக்கம் நடுங்குற."

தன் முகத்தைத் தானே குனிந்து பார்த்து, மூக்குத்திக்குக் கொஞ்சம் தள்ளி உளியை வைத்தாள். ஒரே அடி. ரத்தம் வரவில்லை. காதோரத்திலிருந்து மூக்கு வரை கன்னத்தில் ஒரு கோடு, நாள்பட்ட தழும்பு மாதிரி, அப்போதே ஆறி இருந்தது. அவள் நிமிர்ந்தபோது ஒச்சாண்டி அவளது இரண்டு கண்ணையும் பார்த்தான். தரையில் இரண்டு பாதமும் இருந்தன. அவன் குனிந்து அவற்றைத் தொட்டுப் பார்த்தான்.

காசுகளைத் தாலுகா ஆபீசில் ஒப்படைத்தார்கள். அங்குள்ள பதிவேட்டில், 'ஒன்பதாவது: பெண் தலை, மூக்குத்தி உண்டு, கன்னத்தில் வெட்டு ஒன்று' என்று எழுதிக்கொண்டார்கள். எழுதியவர் எதிரே நின்றவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டினார்.

அது நடந்து ஆறு வருசம் ஆகிறது. சுருளிப்பட்டியிலிருந்து பொட்டிப்புரம் வரை எங்கே மண்ணுக்குள் காசு கிடைத்தாலும் முதலில் சங்கிலியம்மாளுக்குத்தான் ஆள் வரும். அவள் வேலையைப் போட்டுவிட்டு உளியோடு போவாள். முதலில் வெட்டு, அப்புறம்தான் புளி. போன ஐப்பசியில் கிடைத்த பதினோரு காசையும் அப்படித்தான் வெட்டினாள். ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்துக் குறட்டால் பிடித்துக்கொண்டவர் சம்சுதீன். அவர் லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.