சீஸ் வரும்வரை உட்கார்ந்தவர்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் ஓர் அட்டை. பாரிஸில் ஓர் அருங்காட்சியகத்தில், பொருட்களுக்குப் பக்கத்தில் ஒட்டும் விளக்க அட்டைகளை எழுதுகிறவன் நான். முப்பத்தொரு வருடமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஓர் அட்டைக்கு அறுபது சொல். அறுபத்தொன்றாவது சொல்லை எழுதினால் அச்சகத்திலிருந்து ஃபோன் வரும். ஓதில் கெர்வெல்லா என்ற வடிவமைப்பாளரின் வாழ்நாள் வேலைகளைக் காட்டும் கண்காட்சிக்கு நாற்பத்து மூன்று அட்டைகள் எழுதவேண்டியிருந்தது. நாற்பத்திரண்டு அடங்கிவிட்டன. ஒரு நாற்காலிக்கானது மட்டும் முரண்டு பிடித்தது. சரி, பிறந்தது காரைக்கால், கைவசம் இன்னொரு மொழி இருக்கிறது, கதையாக எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

(உட்கார்ந்தேன் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. இந்தக் கதையில் அந்தச் சொல்லை இவ்வளவு லேசாகப் போட்டிருக்கக் கூடாது. போகட்டும், இருக்கட்டும்.)

முதல் வரிக்கு நான் செய்த முயற்சிகள்:

“பிரான்ஸின் புகழ்பெற்ற பொருள் வடிவமைப்பாளரும் உள்ளரங்கக் கலைஞருமான ஓதில் கெர்வெல்லா 1946-ல் பிரெத்தாஞ் கடற்கரையில் ஒரு மீனவக் குடும்பத்தில்—” விட்டுவிட்டேன். இதுவும் அட்டைதான்.

“அறையின் நடுவே ஒரு நாற்காலி தனியாக நின்றுகொண்டிருந்தது.” நாற்காலி வேறு என்ன செய்யும்?

“லூசியான் பஸ்தீத் சாப்பாட்டின் நடுவில் எழுந்துவிட்டார்.” இது பரவாயில்லை.

2

லூசியான் பஸ்தீத் சாப்பாட்டின் நடுவில் எழுந்துவிட்டார்.

வருடம் 1972. தச்சுப்பட்டறைகள் நிறைந்த ஃபோபூர் சாந்த் அந்துவான் பகுதியில், தெருவைப் பார்த்தபடி ஓதிலின் பட்டறை இருந்தது. லூசியான் அங்கே வேன் ஓட்டுகிறவர். வடிவமைப்பு, கலை, அழகு எதிலும் அவருக்கு ஒரு பொட்டு அக்கறை கிடையாது. பன்னிரண்டு மணி அடித்தால் டிபன் டப்பாவைத் திறப்பார். முதலில் ஒரு காய், அப்புறம் கறி, அப்புறம் சீஸ், கடைசியில் காபி. ஒன்றரை மணி வரை ஜனாதிபதியே வந்தாலும் வேன் நகராது.

அன்றைக்கு உட்கார வேறு இடமில்லாமல், பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறைக்காக ஓதில் ஐந்து மாதமாக இழைத்து வைத்திருந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாதிச் சாப்பாட்டில் டப்பாவோடு எழுந்து, ரம்ப மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பிட்டார்.

“என்ன முசியே பஸ்தீத், எழுந்துட்டீங்க?”

“கோச்சுக்காதீங்க மதாம். முள்ளங்கி வரைக்கும் தாங்குச்சு. கறி வந்ததும் தொட மரத்துப்போச்சு.”

ஓதில் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியின் முன்விளிம்பை இரண்டு விரற்கடை செதுக்கினார். மறுநாள் லூசியான் சீஸ் வரை உட்கார்ந்தார். அதற்கடுத்த நாள் காபியும் முடித்து, அப்படியே கொஞ்சம் கண்ணசந்தார். அதே அச்சில் நாலு லட்சம் நாற்காலிகள் விற்றன. என் மகள் ஐந்து வருடம் அதில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடத்துக் கீரையை வேண்டாம் என்று தள்ளினாள்.

அன்றிலிருந்து பட்டறையில் அதுவே சட்டமாயிற்று. எந்த நாற்காலியானாலும் லூசியான் அதில் உட்கார்ந்து, சீஸ் வரைக்கும் சாப்பிட்டாக வேண்டும். ஓதில் எதிரே நோட்டுப்புத்தகத்தோடு நின்றுகொண்டு பார்ப்பார். எழுந்தால் சிவப்பு மையில் குறிப்பார். அப்படிப் பதினோரு நாற்காலிகள் தேறின. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், பல் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறை என்று பிரான்ஸ் முழுக்க அவை இருக்கின்றன. யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. வலிக்காத நாற்காலியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

3

லூசியானைப் பற்றி எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. இதன் முதல் வரைவைப் படித்த நண்பர், “வேன் டிரைவர், படிக்காத மேதை, பளிச்சுனு பேசறார். இந்த ஆள நான் நூறு கதைல பாத்தாச்சுய்யா” என்றார். நியாயம்தான். ஆகவே அவருடைய குறைகளையும் எழுதிவிடுகிறேன். சீட்டாட்டத்தில் திருட்டுத்தனம் செய்வார். வேனைப் பாதசாரிகள் கடக்கும் கோட்டின் மேலேயே நிறுத்துவார். இரண்டு மைத்துனர்களோடு பேச்சு கிடையாது, காரணம் கேட்டால் அவருக்கும் ஞாபகமில்லை. இப்போது நம்புகிறீர்களா? நம்பாவிட்டாலும் மேலே படியுங்கள், அடுத்து நாரை வருகிறது.

4

1983-ல் ஓதில் பன்னிரண்டாவது நாற்காலியைச் செய்தார். மூன்று ஒல்லி எஃகுக் கால்கள், மேலே வளைந்த ஒரு தகடு, சாய்ந்துகொள்ள எதுவும் கிடையாது. பெயர் நாரை. நான் அதைப் பார்த்த முதல் நாள் வாய் பிளந்து நின்றேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவ்வளவு அழகு.

லூசியான் அதில் உட்கார்ந்தார். பீட்ரூட்டையே முடிக்கவில்லை.

“இது நாற்காலி இல்ல மதாம். போலீஸ் விசாரண.”

“பாக்க எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க.”

“பாக்கறதுக்கா என்ன வெச்சிருக்கீங்க? இத்தன வருஷமா என் கண்ணயா அளந்தீங்க?”

மறுநாள் காலை பத்திரிகையிலிருந்து புகைப்படக்காரர் வருவதாக இருந்தது. ஓதில் அன்றைக்கு நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. நாரை அட்டைப்படத்தில் வந்தது. ஒரு வருடத்துக்குள் மூன்று அருங்காட்சியகங்களுக்குப் போயிற்று. முப்பத்தேழு வயதில் ஓதில் கெர்வெல்லா உலகப் புகழ் பெற்றார்.

லூசியான் வேலையை விடவில்லை, சண்டையும் போடவில்லை. நாரையில் உட்கார்ந்த மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை எதிர்த்தெரு மதுக்கடைக்கு மாற்றிக்கொண்டார். அங்கே பிரம்பு கிழிந்த ஒரு பழைய நாற்காலியில் அவர் சீஸையும் தாண்டி, காபியையும் தாண்டி உட்கார்ந்திருப்பதைப் பட்டறை ஜன்னல் வழியாக ஓதில் பார்ப்பார். 2001-ல் அவர் ஓய்வு பெறும்வரை பதினெட்டு வருடம் இப்படியே போயிற்று. ஓதில் அதற்குப் பிறகு ஒரு நாற்காலிகூடச் செய்யவில்லை. பேட்டிகளில் கேட்டால், “நாரைக்கு அப்புறம் இன்னொண்ணா?” என்று சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் பாவமாக இருக்கும்.

5

[இந்த இடத்தில் ஓதிலின் உள்ளரங்கப் பணிகள் பற்றி நான்கு பக்கம் இருந்தது. நீக்கிவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு பெரிய ஹோட்டலில், சுவரின் தூய்மை கெடக்கூடாது என்று விளக்குச் சுவிட்சுகளைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். விருந்தாளிகள் சுவிட்சைத் தேடிக் களைத்து, விளக்கை எரியவிட்டே தூங்கினார்கள். ஹோட்டல்காரர்கள் அறைக்கொரு கண்மூடி கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கண்மூடியையும் ஓதிலே வடிவமைத்தார். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. அட்டை எண் 27.]

6

கண்காட்சி திறக்க மூன்று வாரம் இருக்கையில், ஓதில் ஒரு கம்பளியில் எதையோ சுற்றிக்கொண்டு என் அறைக்கு வந்தார். எழுபத்தொன்பது வயது. கம்பளிக்குள் ஒரு மரநாற்காலி இருந்தது. தாழ்வாக, அகலமாக, மடி மாதிரி குழிந்த இருக்கை, இரண்டு பக்கமும் தாழ்ந்த கைகள்.

“பதிமூணாவது” என்றார். “முசியே பஸ்தீத் இதுல சீஸ் வரைக்கும் உட்காந்தா கண்காட்சிக்கு வரும். எழுந்துட்டார்னா உடச்சு அடுப்புல வெச்சிடுவேன். நாரை மட்டும் நடுவுல நிக்கட்டும். நான் யாருன்னு அதுவே சொல்லட்டும்.”

“இன்னொண்ணு செய்யலாமே மதாம்?”

“எனக்கு என்ன வயசுன்னு நீங்கதானே அட்டைல எழுதினீங்க?”

“நீங்களே அவருக்கு ஒரு ஃபோன் போட்டா—”

“பதினெட்டு வருஷம் அவர் முதுகத்தான் பாத்தேன். முதுகுகிட்ட எப்படிப் பேசறது?”

ஆகவே நான் போனேன். மோந்த்ரேய்யில் நாலாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர். எண்பத்து நாலு வயது லூசியான் டிவியில் சைக்கிள் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். புது நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். திரும்பாமலே கேட்டார்.

“யாரு அனுப்பினா? கொக்கம்மாவா?”

“மதாம் கெர்வெல்லா.”

“அதத்தான் சொல்றேன். தம்பி, எனக்கு இடுப்புக்குக் கீழ சதையே போயாச்சு. வெறும் எலும்பு. இத வெச்சு என்னத்தச் சோதிக்கப் போறாங்க?”

“வேற யார்கிட்டயும் குடுக்கமாட்டாங்களாம். நீங்க வேண்டாம்னா அடுப்புதானாம்.”

சைக்கிள்காரர்கள் ஒரு மலை ஏறி முடிக்கும்வரை பார்த்துவிட்டு டிவியை அணைத்தார்.

“சீஸ் என்ன?”

“உங்க இஷ்டம்.”

“கொம்தே. ரெண்டு வருஷம் பழுத்தது. அவங்களே கடைக்குப் போயி, வரிசைல நின்னு, வெட்டச் சொல்லி வாங்கணும். ப்ளாஸ்டிக்ல அடச்சது கொண்டாந்தாங்க, வாசலோட திரும்பிடுவேன்.”

7

அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாளான செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை திறப்பு. எல்லாம் தயார், ஃபிலிப்பின் ரூவேயைத் தவிர. பொருட்களைப் பாதுகாக்கும் அதிகாரி அவர், தூங்கும்போதுகூட வெள்ளைக் கையுறை போட்டிருப்பார் என்று எங்களுக்குள் பேச்சு.

“அரங்குக்குள்ள சாப்பாடா? எறும்பு வரும், பூச்சி வரும், அப்புறம் நான் வரமாட்டேன்.”

“அது இன்னும் நம்ம பொருளே இல்லியே ஃபிலிப்பின். சோதனைலதானே இருக்கு.”

“சோதனன்னா கருவி இருக்கணும். கருவி எங்க?”

லூசியானைக் காட்டினேன். ஃபிலிப்பின் அவரை மேலும் கீழும் பார்த்தார். பதிவேட்டில் “அளவைக் கருவி, ஒன்று, பழையது” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு முறத்தோடு நாற்காலி பக்கத்திலேயே நின்றுவிட்டார், ரொட்டித் துகள் தரையைத் தொடுவதற்குள் பிடிக்க.

லூசியான் இரண்டு கைகளையும் ஊன்றி மெல்ல இறங்கி உட்கார்ந்தார். எதிரே ஓதில், நோட்டுப்புத்தகத்தோடு நின்றார். இருவரும் “பான்ஜூர்” என்றதற்கு மேல் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. லீக்ஸ் என்ற வெங்காயத்தண்டு வந்தது. பருப்பில் வெந்த சாஸேஜ் வந்தது.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். கைவசம் சில முடிவுகள் இருக்கின்றன.

லூசியான் பருப்பின் நடுவில் எழுந்துவிடுகிறார். ஓதில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மழையில் நடக்— வேண்டாம். இலக்கியப் பத்திரிகைக்காரர்கள் விரும்புவார்கள், அதனாலேயே வேண்டாம்.

சீஸ் முடிகிறது, இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இவர்கள் இருபத்தொன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்து, ஒருவரையொருவர் ‘முசியே’, ‘மதாம்’ இல்லாமல் கூப்பிட்டதுகூட இல்லை. அழுதாலும் கைகுலுக்கிவிட்டுத்தான் அழுவார்கள்.

நண்பர் சொன்ன முடிவு: லூசியான் அந்த நாற்காலியிலேயே நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுகிறார். ஒரு கதைக்காக மனுஷனைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. தவிர, ஃபிலிப்பினின் பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

நடந்ததையே எழுதுகிறேன்.

8

கொம்தே வந்தது. லூசியான் முகர்ந்து பார்த்தார், தலையை ஆட்டினார், ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். கத்தியை ரொட்டியில் துடைத்தார். காபி குடித்தார். மணி ஒன்றரை ஆயிற்று, ஒன்றே முக்கால் ஆயிற்று. ஆள் அசையவில்லை. ஓதில் ஓர் அடி முன்னால் வந்தார்.

“அப்போ?” என்றார்.

“நல்லா இருக்கு மதாம்.”

ஓதில் நோட்டை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபிலிப்பின்கூட முறத்தைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

“சரி, எழுந்திருங்க. அதத் தூக்கி மேடைல வெக்கச் சொல்றேன்.”

“அதுல ஒரு சங்கதி இருக்கு.”

“என்ன?”

“எழுந்திருக்க முடியல.”

“எப்பலேர்ந்து?”

“லீக்ஸ்லேர்ந்து.”

ஓதில் நோட்டை மறுபடியும் திறந்தார்.

“அப்ப நல்லா இருக்குன்னு சொன்னது?”

“பொய் சொல்லல. போய்ச் சேர்ற வரைக்கும் உட்காந்திருக்கலாம், அவ்வளவு நல்லா இருக்கு. வெளிய வரத்தான் வழியில்ல.”

“பதிமூணு நாற்காலி” என்றார் ஓதில் மெதுவாக. “ஒருத்தர் எப்படி எழுந்திருப்பார்னு நான் ஒரு தடவகூட யோசிக்கல.”

“எழுந்தாத்தான் உங்களுக்கு ஆகாதே. செவப்பு மைல போடுவீங்க.”

ஓதில் சிரித்தார். பேட்டியில் சிரிக்கும் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எழுபத்தொன்பது வயதை மறந்து சிரித்தார். சிரித்தபடியே கோட்டுப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, தரையில் மண்டியிட்டு, லூசியானின் முழங்காலுக்கும் நாற்காலியின் கைக்கும் நடுவே பிடித்தார்.

“கை நாலு விரல் ஒசரணும். இருக்கை இன்னும் மேல வரணும். முன்கால் உள்ள தள்ளணும், அப்பத்தான் உங்க பாதம் பின்னால போகும். இது இப்படியே வெளிய போகாது.”

“மதாம், வெள்ளிக்கிழம திறப்பு” என்றேன் நான்.

“யாரு கேட்டா?”

“வியாழக்கிழம மத்தியானம் வரேன்” என்றார் லூசியான். “அன்னிக்குக் கோழி. அப்புறம், நீங்களும் உட்காந்து சாப்பிடணும். எதிர்க்க நின்னு பாத்தா எனக்குத் தொண்டைல எறங்காது. அந்தக் காலத்துலயே சொல்லணும்னு நெனச்சேன்.”

“சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேக்கல.”

ஓதில் குனிந்து நோட்டில் எழுதினார். எழுதி முடித்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மெழுகிட்ட தரை, பிடித்துக்கொள்ள நாற்காலியின் கையைத் தேடினார், அது தாழ்வாக இருந்தது.

9

அவர்கள் இருவரையும் நான் இப்படியே விட்டுவைத்திருக்கிறேன். ஒருவர் நாற்காலியில், ஒருவர் தரையில்.

“மொதல்ல அவங்களத் தூக்குங்க” என்கிறார் லூசியான்.

“அவரத் தூக்காதீங்க, இன்னும் ஒரு அளவு பாக்கி” என்கிறார் ஓதில்.

“நாற்காலியத் தொட்டா கையெழுத்து வேணும்” என்கிறார் ஃபிலிப்பின்.

வெள்ளிக்கிழமை அரங்கின் நடுவில் நிற்கப்போவது எது, இரண்டு நாளில் நாலு விரல் உயருமா என்றெல்லாம் இப்போது கேட்காதீர்கள். அதைவிட அவசரமான வேலை இருக்கிறது. எனக்கு வயது அறுபத்து மூன்று, இடுப்பில் பட்டை போட்டிருக்கிறேன். மதாமின் இடது கையைப் பிடித்துவிட்டேன், தனியாக முடியவில்லை. அவருடைய வலது கை உங்கள் பக்கமாக நீட்டியபடியே இருக்கிறது. இவ்வளவு நேரம் சௌகரியமாக உட்கார்ந்து படித்தீர்கள் அல்லவா? எழுந்து வாருங்கள்.