தகர விமானத்தில் இரண்டு சுற்று

மாமி சிரித்ததை மட்டும் சொல்லக்கூடாது. மற்ற எதையும் சொல்லலாம். எத்தனை மணிக்குப் புறப்பட்டோம், என்ன உடுத்திருந்தார், எந்தச் சந்தியில் நெஞ்சைப் பிடித்தார், எல்லாம் சொல்லலாம். சிரித்ததைச் சொன்னால் பிறகு ஒருவரும் என்னை மன்னிக்கமாட்டார்கள்.

இதை நினைத்துக்கொண்டே நிருஜா கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவினாள். பக்கத்தில் பாத்திரம் கழுவும் மெஷின் வாயைத் திறந்தபடி காலியாகக் கிடந்தது. அவளுக்குக் கைக்கு வேலை வேண்டியிருந்தது. மாமி பங்கஜம் இறந்தது சனிக்கிழமை பின்னேரம். இன்று திங்கள். திடீர் மரணம் என்பதால் உடல் இன்னும் பிரேதப் பரிசோதனையில் இருந்தது. எப்போது தருவார்கள் என்று தெரியாமல் ஐயருக்கு நாள் சொல்ல முடியவில்லை. நாள் குறிக்காத சாவீட்டில் என்ன கதைப்பதென்று வந்தவர்களுக்கும் தெரியவில்லை. பிளேன்ரீ குடித்தார்கள், கொண்டுவந்த இடியப்பத்தை மேசையில் வைத்தார்கள், தாரிணி சொல்வதைக் கேட்டார்கள்.

தாரிணி நிருஜாவின் கணவன் நிமலனின் அக்கா. நேற்றுத்தான் சிட்னியிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய குரல் ஹோலிலிருந்து குசினிவரை வந்தது.

“எழுபத்திமூண்டு வயசு மனிசியை ராட்டினத்திலை என்னெண்டு ஏத்துறது? ஒரு வார்த்தை கேக்க வேண்டாமோ? போன வருசம்தான் அம்மாவுக்கு நெஞ்சிலை ரெண்டு ஸ்டென்ட் வைச்சது. அந்தக் கிழவன் பெல்ட்டைப் போட்டானாம், சுவிச்சைத் தட்டினானாம்.”

“இந்த நாட்டிலை ஏணியிலை ஏறவும் போர்ம் நிரப்பச் சொல்லுவாங்கள்,” என்றார் யாரோ. “இதுக்கு மட்டும் ஒண்டும் இல்லை.”

நிருஜா குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தாள்.

தாரிணி இந்தக் கதையைத் தானாகக் கட்டவில்லை. சனிக்கிழமை இரவு, நிருஜா ஆஸ்பத்திரியில் நிற்கும்போது, சிட்னியிலிருந்து போனில் அழுதழுது கேட்டாள்: “ராட்டினக்காரன் ஒண்டும் கேக்கேல்லையோ?” நிருஜா பதில் சொல்லவில்லை. போனைக் காதோடு பிடித்தபடி நின்றாள், அவ்வளவுதான். அந்த மௌனம் விடியும்போது ‘கேட்கவில்லை’ என்றாகி, இப்போது கனடாவரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

சனிக்கிழமை நிமலனுக்கு ஈஸ்ட் டாமாக்கி வெயார்ஹவுஸில் ஓவர்டைம். மரக்கறி வாங்க மாமியையும் ஏற்றிக்கொண்டு அவள் காரில் போனாள். வழியில், மரங்களுக்கு மேலே சிவப்பாக ஏதோ பறந்தது.

“பிள்ளை, நிப்பாட்டும். பிளேன் சுத்துது.”

அது ஒரு பழைய விளையாட்டுப் பூங்கா. மற்ற ராட்டினங்களெல்லாம் போய்விட்டன. இது ஒன்றைத்தான் சில வயதானவர்கள் திருத்தி, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஓட்டினார்கள். நடுவில் ஓர் இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் ஆறு கைகள். ஒவ்வொரு கையிலும் கம்பிகளில் தொங்கும் ஒரு தகர விமானம். கோபுரம் சுழலச் சுழல விமானங்கள் வெளிப்பக்கம் சாய்ந்து உயர்ந்தன.

“நான் ஒருக்கா ஏறப்போறன்.”

“விசரே மாமி உங்களுக்கு?”

“கொழும்பிலையிருந்து இஞ்சை வரேக்கை எனக்கு நடுச்சீட். ஒரு பக்கம் குறட்டை, மற்றப் பக்கம் கைக்குழந்தை. முன்சீட்டின்ரை முதுகைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான். இதிலை யன்னலே இல்லை, பாரும். முழுக்கத் திறந்து கிடக்கு.”

ராட்டினத்தை ஓட்டிய கிழவரின் பெயர் கொலின் என்று சட்டையில் தைத்திருந்தது. அவர் மாமியைப் பார்த்தார். தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி, இதயமெல்லாம் சுகம்தானே என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“என்னவாம்?”

“நெஞ்சிலை வருத்தம் இருக்கோ எண்டு கேக்கிறார்.”

“ஒரு வருத்தமும் இல்லையெண்டு சொல்லும்.”

எட்டு வருடமாக டொக்டரிடமும் வங்கியிலும் மாமியின் வாய் நிருஜாதான். ஒரு வருடமாக ‘வேண்டாம்’ என்ற சொல்லும் அவளுடையதாகிவிட்டது. உப்பு வேண்டாம், தேங்காய்ப்பால் வேண்டாம், படியேற வேண்டாம். நிமலனும் தாரிணியும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். மாமியின் முகத்துக்கு முன்னால் சொல்வது அவள். அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை. அன்பினாலா, அலுப்பினாலா? இரண்டு நாளாகக் கேட்டுப் பார்க்கிறாள். ஒவ்வொரு முறையும் அலுப்பில்தான் வந்து நிற்கிறது. அலுப்புக்கு அடியிலும் ஏதாவது கிடக்கிறதா என்று தோண்டிப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

“ஷீ இஸ் ஃபைன்,” என்று அவள் கொலினிடம் சொன்னாள்.

மேலே போன மாமியின் கொண்டை இரண்டாவது வளைவிலேயே அவிழ்ந்தது. பிறகுதான் அந்தச் சிரிப்பு. ஒரே வீட்டில் எட்டு வருடம் இருந்தும், மாமியின் சிரிப்புக்குச் சத்தம் உண்டென்று நிருஜாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. விமானம் தலைக்கு மேலால் வரும்போதெல்லாம் அது வந்தது, போனது, திரும்பவும் வந்தது. கீழே நின்றவள் தானும் சிரித்தாள்.

இறங்கும் நேரத்தில் மாமி இறங்கவில்லை. “பிள்ளை, இன்னுமொருக்கா.” கொலின் நிருஜாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

அங்கிருந்து புறப்பட்டு, பாட்டனி டவுன்ஸ் சந்தியில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது மாமி சொன்னார்: “நெஞ்செரியுது பிள்ளை. மத்தியானத்து மிளகாய்ப் பொரியல்.” அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிவரை மாமியின் உயிர் வரவில்லை.

குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு நிமலன் உள்ளே வந்தான். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். அவன் குழாயைப் பூட்டினான்.

“பொலிஸ்காரப் பிள்ளை மூண்டு மணிக்கு வருவா. உம்மட்டைத்தான் கேப்பா. வேற ஆரும் அங்கை நிக்கேல்லை.”

“தெரியும்.”

“விசாரணை முடியுமட்டும் அந்த ராட்டினத்தை நிப்பாட்டி வைச்சிருக்கினமாம். ஒருவேளை பிறகும் ஓடாதாம்.”

“அவர் கேட்டவர், நிமல்.”

“ராத்திரிச் சொன்னனீர்தானே.” அவன் குரலைத் தாழ்த்தினான். “அக்காவுக்குத் தெரிஞ்சால் சீவியத்துக்கும் இந்த வாசல் மிதிக்கமாட்டா. அம்மாவைச் சாகடிச்சதெண்டு உம்மைத்தான் சொல்லுவா. எல்லாரும் சொல்லுவினம்.”

“நீங்கள்?”

அவன் கழுவிய கோப்பைகளைப் பார்த்தான். ஒன்றை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தான்.

“நான் பொய் சொல்லச் சொல்லேல்லை,” என்றான் கடைசியில். “நினைவில்லை எண்டு சொல்லும். அவ்வளவுதான். அந்தப் பதட்டத்திலை ஆருக்கு என்ன நினைவிருக்கும்? அவையளும் அப்பிடியே எழுதிக்கொண்டு போயிடுவினம். அந்தக் கிழவன் எங்களுக்கு ஆர்? நாளைக்கே வேற பொழுதுபோக்குப் பாப்பான். எனக்கு அம்மாவும் இல்லை, இனி நீரும்…”

அவனுடைய கை அவளுடைய ஈரக் கையின்மேல் இருந்தது. இந்தக் கையை விட்டால் திரும்பப் பிடிப்பானா என்று அவளுக்குத் தெரியவில்லை. நினைவில்லை. ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் இரவு தூங்கலாம். சொல்லிவிட்டால் மாமி சிரிக்கவுமில்லை, இன்னுமொருக்கா என்று கேட்கவுமில்லை; பாவம், தெரியாமல் யாரோ ஏற்றிவிட்ட ஒரு கிழவி.

மூன்று மணிக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது. ஹோலில் கதை நின்றது.

நிருஜா கையை விடுவித்து, சட்டையில் துடைத்தாள்.

“எனக்கு நினைவிருக்கு,” என்றாள். அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவள் ஹோலைக் கடந்து வாசலுக்குப் போனாள். கதவை அரைவாசிக்குமேல் திறக்க முடியவில்லை. வந்தவர்களுடைய செருப்பும் சப்பாத்துமாக அங்கே குவிந்து கிடந்தன. “ஆர், நிருஜா, வந்திருக்கினம்?” என்று தாரிணி பின்னாலிருந்து கேட்டாள். நிருஜா குந்தி, செருப்புகளைச் சோடி சோடியாகப் பொறுக்கிச் சுவரோரம் வைத்து, ஓர் ஆள் உள்ளே வரும் அளவுக்கு வழி எடுக்கத் தொடங்கினாள்.