குடிக்காமல் வைத்த கோப்பை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வெள்ளத்தில் மிதந்து வந்த ஒரு நீலத் தண்ணீர்க் கேனிலிருந்து பிறந்தது. கேன் என் கொழுந்தன் முத்லக்குடையது. அதன் மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. அவன் மனைவி வத்ஹாவின் பழைய முக்காட்டைக் கிழித்துச் சுருட்டி வாயை அடைத்து வைத்திருப்பான். அதனால்தான் அது வேறு யாருடைய கேனோ என்று எங்களை நாங்களே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

முத்லக் பிழைத்துவிட்டான். இதை முதலிலேயே சொல்வது கதைக்குக் கேடு என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. அன்று மதியம் நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம். நிம்மதியாகப் படியுங்கள்.

ஆனால் எனக்கு அதிலேதான் தொல்லை. செத்தவனைப் பற்றிக் கதை எழுதுவது சுலபம். உயிரோடு வந்து எதிரில் உட்கார்ந்து, "அண்ணி, இன்னுங் கொஞ்சம் ஊறுகாய்" என்று கேட்பவனைப் பற்றி எழுதிப் பாருங்கள், தெரியும்.

2

முதல் தொடக்கம்: "அந்த ஆண்டு பாலைவனத்தின் தாகம்—"

அடித்துவிட்டேன். பாலைவனத்துக்குத் தாகம் என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் வேறெங்கோ குடியிருப்பவர்கள்.

இரண்டாம் தொடக்கம்: "ஹுமைர் மலையிடுக்கு அவனுக்காகக் காத்திருந்தது."

காத்திருக்கவில்லை. அது பாட்டுக்கு அது கிடந்தது. போனது இவன்.

மூன்றாவது: "அந்தக் குளிர்காலத்தில் மழை விடவே இல்லை."

சரி, இதையே வைத்துக்கொள்வோம். மழை விடவே இல்லை. மற்ற வருஷங்களில் ஹுமைருக்குள் முழங்கால் நனைந்தாலே விருந்தாளிகள் படம் எடுத்துக்கொள்வார்கள். இந்த வருஷம் மடுக்களில் ஆள் முங்கும் தண்ணீர். செங்குத்துப் பாறைகளின் வெடிப்பிலெல்லாம் பச்சை. ஆடுகள் தின்ற களைப்பில் படுத்துக் கிடந்தன. ஊர்ப் பெண்களுக்குக் காட்டுக்கீரை பறித்துப் பறித்து விரலெல்லாம் கறை. இடுக்கின் வாயில் இருக்கும் என் சின்ன விடுதியில் படுக்க இடமில்லாத அளவுக்கு நடைப் பிரியர்கள் வந்து இறங்கினார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் வெளியே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஏனென்றால் முத்லக் யாரையும் உள்ளே கூட்டிப் போகவில்லை. இந்தப் பக்கத்தின் மூத்த வழிகாட்டி அவன். அவன் மாட்டேன் என்றால் மற்றவர்களும் மாட்டார்கள். மழை மேலே ஷரா மேட்டில் பெய்யும். வெள்ளமோ கீழே, நம் தலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது வரும். இரண்டு பக்கமும் சுவர். ஓட வழி கிடையாது.

(ஆக, அவன் பயந்தாங்கொள்ளி அல்ல, முட்டாளும் அல்ல. பிறகு ஏன் போனான்? கதையின் முடிச்சு இதுதான். அதை அவிழ்க்க எனக்கு ஒரு பெண் வேண்டும்.)

3

நிஸ்ரீன். அம்மானில் மருந்துக் கடை வைத்திருப்பவள். முதல் வரைவில் இவளைத் திமிர் பிடித்த பட்டணத்துக்காரியாக எழுதினேன். பெரிய கறுப்புக் கண்ணாடி, விரலில் சாவிக்கொத்தைச் சுழற்றும் பழக்கம் எல்லாம் கொடுத்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பழியைப் போட ஆள் தேடியிருக்கிறேன். கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டேன்.

உண்மையில் அவள் எங்கள் கூட்டத்துப் பெண்தான். அவள் அப்பா சிறு வயதில் பட்டணம் போனவர். ஹுமைருக்குள் ஓர் அருவி உண்டு, நான் அதில் குளித்திருக்கிறேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். வீட்டில் ஒருவரும் நம்பவில்லையாம். "அப்பா அளக்கறாருன்னு நானும் சேந்து சிரிச்சிருக்கேன் அக்கா," என்றாள் என்னிடம். இந்த மழையில் விட்டால் அந்த அருவியை இனி எப்போது பார்ப்பது?

அன்று சாயங்காலம் முத்லக்கின் கூடாரத்தில் காப்பி. ஊற்றியது வத்ஹா. நிஸ்ரீன் கோப்பையை வாங்கினாள், உதட்டுக்குக் கொண்டுபோனாள், குடிக்காமல் தரையில் வைத்தாள்.*

* வெளியூர் வாசகர்களுக்கு மட்டும்: எங்களிடம் விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் வைத்தால் அவருக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது என்று பொருள். அது நிறைவேறும் என்ற வாக்கு கிடைக்கும்வரை குடிக்கமாட்டார். காப்பி ஆறிப்போகும்படி விட்ட வீடு என்ற பேர் வந்தால் மூன்று தலைமுறைக்குப் போகாது. பெண் எடுக்க, கொலைப்பகை தீர்க்க இப்படிக் கோப்பையை வைப்பார்கள். ஒரு நாள் நடைக்காக யாரும் வைத்து நான் பார்த்ததில்லை.

முத்லக்கின் முதுகு நிமிர்ந்தது.

"குடிம்மா தங்கச்சி. நடந்துபோச்சுன்னு வச்சுக்க," என்றான்.

"என்னன்னு கேளுங்களேன்," என்று பின்னாலிருந்து முணுமுணுத்தாள் வத்ஹா.

"கேட்டுட்டுக் குடுக்க நான் என்ன கடையா வச்சிருக்கேன்?"

பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. நிஸ்ரீன் குடித்தாள். போதும் என்று கோப்பையை ஆட்டினாள்.

"நாளைக்கு என்னை ஹுமைருக்குள்ள கூட்டிட்டுப் போங்கண்ணே."

அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வத்ஹாவும் பார்த்தாள். காப்பிக் கெண்டியை அடுப்பில் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

5

(நான்காம் பகுதியைக் கிழித்துவிட்டேன். அதில் முத்லக் அன்றிரவு கெட்ட கனவு கண்டான். அவன் படுத்தால் இடி விழுந்தாலும் தெரியாது, இதில் கனவு எங்கே.)

இடுக்குக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் நிஸ்ரீனை நம்பினேன். முத்லக் கதை சொன்னால் எல்லாப் பாறையும் ஒரு முழம் வளர்ந்துவிடும்.

காலையில் அவன் மேட்டில் ஆடு மேய்க்கும் ஒருவனுக்குப் போன் போட்டான். அங்கே மேகமே இல்லை. மேல் முனையில் இறங்கி, நீந்தியும் கயிற்றில் தொங்கியும் கீழ்நோக்கி வந்தார்கள். வழி பாதி கழிந்த இடத்தில், வளைவைத் தாண்டியதும், அருவி. சிவப்புப் பாறையின் மேலிருந்து நேராக மடுவில் விழுகிறது.

"அப்பா அளக்கல!" என்று கத்தினாளாம் நிஸ்ரீன். "அண்ணே, எங்கப்பா அளக்கல!" கத்திவிட்டு உடுத்திய துணியோடு குதித்தாள். அழுதாளா என்று கேட்டேன். "மூஞ்சியெல்லாம் தண்ணி, எனக்கென்ன தெரியும்?" என்றான் முத்லக்.

அப்போதுதான் அவன் மடுவின் ஓரத்தைப் பார்த்தான். தெளிந்த தண்ணீரில் ஆட்டுப் புழுக்கை. ஒன்று, நாலு, பிறகு வைக்கோல் துண்டோடு ஒரு வரிசை. மேலே தொழுவம் நனைந்தால்தான் அது மிதந்து வரும். வானம் நீலமாகத்தான் இருந்தது.

"ஏறு."

"ஷூ அங்க—"

"ஷூவும் வேணாம் மயிரும் வேணாம், ஏறுன்னா ஏறு!"

(இந்த வார்த்தையை எடுத்துவிடும்படி முத்லக் கெஞ்சினான். நிஸ்ரீனோ இது கட்டாயம் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.)

காட்டாட்டுத் தடம் ஒன்று சுவரில் சாய்வாக ஏறுகிறது. அவள் கையை ஒரு கையால் பிடித்தான். இன்னொரு கை பாறைக்கு வேண்டும். கேனை விட்டான். செருப்பும் கழன்று போயிற்று. ஒரு திட்டில் ஏறி ஒட்டி நின்றபோது கீழே முதலில் காற்று வந்தது, பிறகு சத்தம், பிறகு பழுப்பாக வெள்ளம். அருவியே தெரியாமல் மூடிக்கொண்டு போயிற்று.

6

இடுக்கின் வாயருகே வத்ஹாவும் நானும், ரொட்டியும் வெங்காயமுமாக உட்கார்ந்திருந்தோம். லாரி வருகிற சத்தம் என்று நினைத்தேன். வத்ஹா நினைக்கவில்லை. எழுந்து நின்றாள். வெள்ளம் அரளிப் புதர்களைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அவற்றுக்கு நடுவே, குதித்துக் குதித்து, நீலக் கேன்.

முட்டளவு நீரில் இறங்கிக் கேனைப் பிடித்துவிட்டாள் அவள். நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். முக்காட்டுத் துணி இன்னும் கேனின் வாயில் அடைத்தபடியே இருந்தது.

வத்ஹா கேனை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக, அந்தத் துணியை—

இங்கே நிறுத்துகிறேன். அவள் என்ன செய்தாள் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

வேறொரு முடிவு எழுதி வைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அதில் நிஸ்ரீன் மட்டும் திரும்பி வருகிறாள். முத்லக்கின் தலைத்துணியை வத்ஹாவிடம் நீட்டுகிறாள். நல்ல பகுதி. எழுதி முடித்து நானே இரண்டு முறை படித்துக்கொண்டேன். அந்தச் சமயம் வாசலில் அவன் குரல் கேட்டது: "அண்ணி, எங்க வீட்டு ஆட்டைப் பாத்தீங்களா?" காகிதத்தைச் சுருட்டி அடுப்பில் போட்டேன். இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அவனை யார் சாகடிப்பது? இலக்கியம் போனால் போகட்டும்.

நடந்தது இதுதான். வெயில் சாயும் நேரத்தில் உச்சித் தடத்தில் இரண்டு உருவங்கள். ஒன்று வெறுங்காலோடு நொண்டியது. ஷூவை இழந்த இன்னொன்று முத்லக்கின் தலைத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு நடந்தது. அவர்கள் கீழே வந்து சேரும்வரை வத்ஹா கேனை மடியிலிருந்து இறக்கவில்லை. வந்ததும் செருப்பைக் கழற்றி எறிந்தாள். அது அவன் தோளில் பட்டது.

"குறி தப்பல. அப்ப நீ நல்லாத்தான் இருக்க," என்றான் முத்லக்.

"ஏய்யா, கேன் மட்டும் வந்துச்சேய்யா! கேன் மட்டும் வந்துச்சே!"

பிறகு எல்லார் முன்னாலும் அவனைக் கட்டிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை, நன்றாகப் பார்த்து அழுதேன். அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று வைத்த பருப்புக் கஞ்சியில் உப்புப் போட மறந்திருந்தேன், நாலு பேரும் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார்கள்.

7

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். வத்ஹா முடியவிடவில்லை.

மறுநாள் காலை நிஸ்ரீன், வத்ஹாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள். நாங்கள் மூவர் மட்டும் கூடாரத்தில். வத்ஹா எனக்கு ஊற்றினாள், அவனுக்கு ஊற்றினாள், கடைசியில் தனக்கு ஊற்றிக்கொண்டாள். தன் கோப்பையை உதட்டுவரை கொண்டுபோய், குடிக்காமல், முத்லக்கின் முழங்காலுக்கு எதிரே வைத்தாள்.

அவன் சிரித்தான். "சொந்த வீட்லயே விருந்தாளியா? என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டுல்ல."

சிரிப்பு நின்றது. வீங்கிய காலை இழுத்துச் சரியாக உட்கார்ந்தான்.

"சரி. மொதல்ல என்னன்னு சொல்லு."

வத்ஹா அவனைப் பார்த்தாள். கோபமில்லை. நேற்றோடு அது தீர்ந்திருந்தது.

"எங்கிருந்தோ வந்த பொண்ணு வச்சப்ப கேக்காம குடுத்த. இருவது வருஷமா உனக்குக் காப்பி ஊத்துறவ வச்சா, என்னன்னு கேக்குற?"

முத்லக் வாயைத் திறந்தான்.

அவன் சொன்னது எனக்குத் தெரியும். பக்கத்தில்தானே இருந்தேன். எழுதமாட்டேன். அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று அந்தக் கணத்தில் எங்கள் இருவருக்குமே தெரியாது. இடுக்குக்கு இனிமேல் போகாதே என்பதாக இருக்கலாம். அப்படியென்றால் அவனுக்குப் பிழைப்பும் போயிற்று, பாதி உயிரும் போயிற்று. அல்லது, தண்ணீர் தெளிந்ததும் என்னையும் கூட்டிப்போ என்பதாக இருக்கலாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த இடுக்கின் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறாள் அவள். உள்ளே போனதே இல்லை.

கோப்பையை உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறேன். முத்லக்கைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு அவன் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். எதிரில் வத்ஹா இருக்கிறாள், அவளுக்குப் பின்னால் அந்த நீலக் கேன் காய்ந்துகொண்டிருக்கிறது.

என்னவென்று கேட்காதீர்கள். காப்பி ஆறுகிறது.