ஏலக்காய் வாசமும் கட்டில் நிழல்களும்

பெரியகுளத்தில் டாக்டர் ஈஸ்வரபாண்டியின் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகள் தங்கள் நிழலைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தது, மாங்காய் விலை இறங்கிய ஒரு சித்திரை மாதத்தில். போனவர்களுக்கு வீடு சேர்வதற்குள் புது நிழல் முளைத்துவிட்டதால் யாரும் புகார் செய்யவில்லை. சங்கடமெல்லாம் அடுத்து அந்தக் கட்டிலுக்கு வந்தவர்களுக்குத்தான். வடுகபட்டியிலிருந்து குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த மாயக்காள், முன்பு சீழ்ப்புண்ணோடு அங்கே கிடந்த ஒருவரின் நிழல்மேல் படுக்க வேண்டியதாயிற்று. “சித்த தள்ளிப் படுங்கய்யான்னா கேக்க மாட்டேங்குறாக” என்று அவள் நர்ஸிடம் முறையிட்டாள். அந்த வாரமே அவளுடைய தையலும் சீழ்பிடித்தது.

டாக்டரின் மருமகள் மகிமா கிருமியியல் படித்தவள். அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. நிழல்களைப் பார்த்து அவளுக்குப் பயம் வரவில்லை. கட்டிலைச் சரியாகத் துடைக்காமல் அவற்றை அங்கே தங்கவைத்த புத்தியைப் பார்த்துத்தான் எரிச்சல் வந்தது. கட்டில்களைத் துடைக்கும் கிருமிநாசினித் திரவம் வாங்கும் பொறுப்பு டாக்டரின் அக்கா மகன் மதன்குமாருடையது. பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்ப்பதுதான் அவன் அறிந்த ஒரே பரிசோதனை. பூண்டு மண்டியிலிருந்து நேரே வரும் பார்வையாளர்களின் வாடையை அமுக்க வேண்டும் என்று ஏலக்காய் மணத்தில் ஒன்றைப் பிடித்திருந்தான். அது எந்தக் கிருமியைக் கொல்லும் என்று பாட்டிலும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. தெளித்த கையோடு துடைத்து, காற்றாடியையும் முழுவேகத்தில் வைத்துக் காயவைத்தார்கள். வீரியம் போதாது என்று யாரோ சொல்ல, பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் ஆசிட்டையும் அவன் ஒரே வாளியில் கலக்கினான். வார்டு மொத்தமும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. நிழல்கள் மட்டும் இமைக்காமல் படுத்திருந்தன.

இந்த வார்டில்தான் பேரப்பிள்ளை பிறக்கும் என்று ஈஸ்வரபாண்டி சம்பந்தி ஊரான தேவதானப்பட்டி வரைக்கும் சொல்லிவைத்திருந்தார். கட்டில்கள் சுத்தமானால்தான் உண்டு என்றாள் மகிமா. வாசனையே இல்லாத பெராக்சைடு திரவம் ஒன்றை அவளே வரவழைத்தாள். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைத் தேய்த்து எடுத்து, பிறகு இதைப் பூசி, பாட்டிலில் போட்டிருந்த பத்து நிமிடமும் ஈரம் காயாமல் விடச் சொன்னாள். நர்ஸ்களின் கையும் கண்ணும் எரியவில்லை, மெத்தை உறையும் வெடிப்பு விடவில்லை. நிழல்கள் மட்டும் ஓரம் சுருண்டு, உரிந்து, தரையில் வழிந்து, சாக்கடை வழியாக வெளியேறின. மாயக்காளின் புண் ஆறியது.

ஆனால் பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். எந்த வாசமும் இல்லையே, இங்கே கூட்டுவதே கிடையாதா என்று கேட்டார்கள். ஈஸ்வரபாண்டிக்கு அது மானப்பிரச்சினை ஆகிவிட்டது.

“ஆஸ்பத்திரின்னா ஒரு வாசம் வேணாமா ஆத்தா? இப்பிடி இருந்தா இங்கன யாரு வருவாக?”

“உங்க பேரப்பிள்ளை மூக்க மட்டும் வச்சுக்கிட்டுப் பிறக்கப் போறதில்ல மாமா.”

“மாமா சொல்றதக் கேளுங்க, இந்தத் தடவ மல்லிகையும் சேத்துருக்கு” என்றான் மதன்குமார், அவளுக்குச் சலுகை காட்டுகிறவன்போல.

ஏலக்காய் வாசம் திரும்பி வந்தது. பின்னாலேயே நிழல்களும் வந்தன. மகிமாவுக்கென்று பூ வைத்து ஒதுக்கிய கட்டிலில் ஒன்று கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தது. அவள் அன்றே தேவதானப்பட்டிக்குத் தாய்வீடு கிளம்பினாள். அவள் கணவன் விஜய்பாண்டி பெட்டியைக் காரில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டான். அப்பாவுக்கு அவன் சொன்ன முதல் மறுப்பு அதுதான்.

குழந்தை அரசு ஆஸ்பத்திரியில், தேய்த்துக் கழுவி ஈரம் தானாகக் காய்ந்த கட்டிலில் பிறந்தது. பெண். அதற்கு ஒரே ஒரு நிழல், அதுவும் அதனுடையதே. பார்க்க வந்த தாத்தா பேத்தியைத் தூக்குவதற்கு முன்னால் குனிந்து கட்டிலை முகர்ந்து பார்த்தார். ஏமாற்றத்தோடு நிமிர்ந்தார்.

பெரியகுளத்தில் நிழல்கள் இன்றும் இருக்கின்றன. நோயாளிகள் ஓரமாக ஒருக்களித்துப் படுக்கப் பழகிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் நிழலுக்கும் சேர்த்து ஒரு சீப்புப் பழம் கூடுதலாக வாங்கி வருகிறார்கள். வார்டுக்குள் நுழைந்ததும் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, என்ன சுத்தம் என்று மெச்சுகிறார்கள்.